தர்ஷீஸ் எங்கே? தர்சு, சர்தீனியா, தென் ஸ்பெயின்

கர்த்தருடைய சமுகத்தை விட்டு ஓடத் துணிந்த யோனா, யோப்பாவில் கூலி கொடுத்துக் கப்பல் ஏறியது தர்ஷீசுக்கு. அந்த ஊர் எது என்ற வழக்கு அறிஞர்களிடையே இன்னும் தீரவில்லை. களத்தில் வலுவாக நிற்பவை மூன்று: துருக்கியின் தென்பகுதியில் பவுல் பிறந்த தர்சு, இத்தாலியின் சர்தீனியாத் தீவு, தென் ஸ்பெயினில் கிரேக்கர் தார்தெஸோஸ் என்று அழைத்த நாடு.

என் உரைகல் எசேக்கியேல் 27:12. தர்ஷீஸ் ஊரார் லெபனான் கரையிலுள்ள பினீசியத் துறைமுக நகரான தீருவின் சந்தைக்குக் கொண்டுவந்தவை வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம். ஊர்ப்பெயர்களின் ஒலி ஒற்றுமையை விட இந்தச் சரக்குப் பட்டியலையே நான் நம்புகிறேன்.

தர்சுவை முன்மொழிந்தவர் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். அருகே தாரஸ் மலையில் வெள்ளி உண்டு. ஆனாலும் இந்தக் கட்சி நிற்காது. அசீரிய மன்னன் எசரத்தோன், சைப்ரசும் யவன நாடும் தொடங்கி 'தர்சிசி' (தர்ஷீஸ்) வரை கடல் நடுவே உள்ள அரசர்கள் எல்லாரும் தன் காலில் விழுந்ததாகப் பொறித்துவைத்திருக்கிறான். தர்சு கடல் நடுவே இல்லை; அசீரியர் அந்நகரின் பெயரை எழுதிய விதமும் வேறு. தவிர, கிமு 9ஆம் நூற்றாண்டிலேயே மூன்றாம் சல்மனாசர் அதைக் கைக்கொண்டுவிட்டான். அசீரியரின் நகரான நினிவேக்குப் போக மறுத்த யோனா, அசீரியரின் கை எட்டும் ஊருக்கா ஓடுவார்?

சர்தீனியாவின் துருப்புச்சீட்டு ஒரு கல். 1773இல் தீவின் தென்கரையில், பண்டைய நோரா நகரின் அருகே கிடைத்தது. இப்போது காலியாரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டு வரிகள், பினீசிய எழுத்து, சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. முதல் வரியில் தர்ஷீஸ். சற்றுக் கீழே சர்தீனியா. 'தர்ஷீசிலிருந்து துரத்தப்பட்டான், சர்தீனியாவில் அமைதி கண்டான்' என்று ஒரு சாரார் வாசிக்கிறார்கள். அப்படியானால் இரண்டும் வெவ்வேறு இடங்கள். தர்ஷீஸ் சர்தீனியாவிலேயே இருந்தது என்று மறு சாரார் அதே வரிகளைக் காட்டி வாதிடுகிறார்கள். இரு கட்சிக்கும் சாட்சி சொல்லும் கல்லை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. தீவில் வெள்ளியும் ஈயமும் தாராளம். தகரம் மிகக் குறைவு.

தென் ஸ்பெயினுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ரியோ தின்தோ சுரங்கப் பகுதியில் வெள்ளியும் ஈயமும் இரும்பும் உண்டு. ஐபீரியாவின் வடமேற்கிலிருந்து அட்லாண்டிக் கரை வழியே தகரம் வந்து சேரும். அந்தச் சுரங்கங்களுக்கு வாசலான உவெல்வா துறைமுகத்தில் 1998இல் தோண்டியபோது பினீசியப் பானை ஓடுகள் 3,000க்கும் மேல் கிடைத்தன. வெள்ளி உருக்கிய கசடும், செதுக்கிய தந்தத் துண்டுகளும் உடன் இருந்தன. அங்கே கிடைத்த எலும்புகளின் கார்பன் கணிப்பு ஏறத்தாழ கிமு 930 முதல் 830 வரை என்கிறது. 'பினீசியர் இவ்வளவு மேற்கே வந்தது பிற்காலத்தில்தான்' என்ற பழைய ஆட்சேபம் இதோடு ஆட்டம் கண்டது.

வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்த பினீசியக் குடியேற்ற நகரான கார்த்தேஜை நீண்ட நேரம் பேச வேண்டாம். எசேக்கியேலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு தர்ஷீசை அப்படிக் குறித்தாலும் அங்கே சுரங்கமே இல்லை. செங்கடல் பக்கம் தேடுவோர் 2 நாளாகமம் 20:36ஐக் காட்டுவார்கள்: செங்கடல் துறைமுகமான எசியோன்கேபேரில் தர்ஷீசுக்குப் போகக் கப்பல் கட்டினார்கள் என்று அங்கே இருக்கிறது. 1 இராஜாக்கள் 22:48இன்படி அவை பொன் விளையும் ஓப்பீர் நாட்டுக்குப் போகக் கட்டிய 'தர்ஷீஸ் கப்பல்கள்', அதாவது நெடுந்தூரம் ஓடும் பெரிய வகைக் கப்பல்கள். நாளாகமக்காரர் வகைப்பெயரைச் சேருமிடமாக எடுத்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

எசேக்கியேலின் தர்ஷீஸ் தென் ஸ்பெயின்தான் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. சாலொமோன் காலத்துக்கு (கிமு 10ஆம் நூற்றாண்டு) அதே உறுதியோடு சொல்லமாட்டேன். இஸ்ரேலில் தோர் முதலிய இடங்களில் புதைந்திருந்த வெள்ளியை ஈய ஐசோடோப்பு முறையில் (உலோகத்திலுள்ள ஈய அணு வகைகளின் விகிதத்தைக் கொண்டு அது வந்த சுரங்கத்தை அறியும் முறை) ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவு, கிமு 10ஆம் நூற்றாண்டு வெள்ளியைச் சர்தீனியாவோடும் அனத்தோலியாவோடும் (இன்றைய துருக்கி) இணைக்கிறது. ஸ்பெயின் வெள்ளி அடுத்த நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது.