பெட்டியா, பார்சலா, பர்மா பஜாரா, போனா? பலான படமும் ‘சொந்த உபயோக’மும்

“நான் பாக்கத்தான் சார் கொண்டாந்தேன், விக்கிறதுக்கு இல்ல.” போலீஸ் ஸ்டேஷனில் இந்தப் பேச்சுக்கு மதிப்பு உண்டு. கஸ்டம்ஸ் கவுண்டரில் கிடையாது. வெளிநாட்டிலிருந்து பலான படம் கொண்டுவருவது பற்றி ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் உலவும் குழப்பம் பாதிக்கு மேல் இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால்தான்.

முதலில் போலீஸ் பக்கம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 292-ஆம் பிரிவுக்குப் பதிலாக, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவு நடப்பில் இருக்கிறது. விற்பது, வாடகைக்கு விடுவது, பரப்புவது, பலர் முன் காட்டுவது, இவற்றுக்காக வைத்திருப்பது அல்லது இறக்குமதி செய்வதுதான் இதில் குற்றம். முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். வயது வந்தவர் தன் வீட்டில் தனியாகப் பார்ப்பது இதில் வராது.

கஸ்டம்ஸ் பக்கம் கதை வேறு. சுங்கச் சட்டம் 11-ஆம் பிரிவின் கீழ் 1964 ஜனவரி 18-இல் போட்ட அறிவிக்கை, ஆபாசமான புத்தகம், படம், உருவம், பொருள் எதையும் நாட்டுக்குள் கொண்டுவரத் தடை விதிக்கிறது. ‘சொந்த உபயோகத்துக்கு விலக்கு’ என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஒரு டிஸ்க்கானாலும் தடைதான். எண்ணிக்கை கூடினால் வியாபாரம் என்ற சந்தேகம் வந்து 294-உம் சேர்ந்துகொள்ளும். ஒரே படத்தில் இருபது காப்பி வைத்துக்கொண்டு சொந்த உபயோகம் என்றால் யார் நம்புவார்கள்?

அதற்காக உடம்பு தெரிந்தாலே ஆபாசம் என்று ஆகிவிடாது. படத்தை முழுசாக, இன்றைய சமூகத்தின் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஃப்.என்.சூசா, அக்பர் பதம்சீ வரைந்த நிர்வாண ஓவியங்களை இதே 1964 அறிவிக்கையைக் காட்டிப் பறிமுதல் செய்த உத்தரவை, 2024 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்து, ஓவியங்களைத் திருப்பித் தரச் சொன்னது. ஆகவே கடையில் முறையாக விற்கும் ‘ஏ’ ரகப் படத்துக்கு வாதம் இருக்கிறது. அப்பட்டமான நீலப்படத்துக்கு அந்த வாதம் நிற்காது.

இனி வழிகளைப் பார்ப்போம். இருப்பதிலேயே மோசமானது பார்சல். சர்வதேச அஞ்சல் விதிகளே ஆபாசப் பொருளை ஏற்பதில்லை. அனுப்புகிறவர் பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்று கஸ்டம்ஸுக்குச் சொல்லும் சிஎன்22 ஸ்டிக்கரில் ‘கிஃப்ட்’ என்று எழுதிவிடுகிறார். எக்ஸ்ரேயில் அடுக்கடுக்காக வட்டத் தகடு தெரிகிறது. பிரித்தால் அட்டைப்படமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. முகவரியில் இருப்பது உங்கள் பெயர். அனுப்பியவர் எழுதியது தவறு என்றாலும் நோட்டீஸ் வருவது உங்களுக்குத்தான். சுங்கச் சட்டத்தில் பறிமுதல் 111(டி)-இல், அபராதம் 112-இல். தடை செய்த பொருளுக்கு அபராத உச்சவரம்பு பொருளின் மதிப்பு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. அதாவது 600 ரூபாய் டிஸ்க்குக்கு 5,000 வரை போகலாம். பொருளைப் பிடித்து ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் தர வேண்டும். காரணத்தை எழுதி இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க அதிகாரிக்கு வழி உண்டு. உத்தரவு கைக்கு வந்தபின் அப்பீலுக்கு 60 நாள். ‘பொருள் போனால் போகட்டும்’ என்று நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருந்துவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. பொருள் போவதோடு அபராதமும் உறுதியாகிவிடும்.

பெட்டியில் கொண்டுவருவதில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு, அது பலருக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய பொருள் வைத்திருப்பவர்கள் போகும் ரெட் சேனலில் போய், சுங்கச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால், 80-ஆம் பிரிவில் அந்தப் பொருளை மட்டும் நிறுத்திவைக்கக் கேட்கலாம். ரசீது வாங்கிக்கொண்டு, திரும்பப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். அனுமதிப்பது அதிகாரியின் விருப்பம். லீவு முடிந்து துபாய்க்குத் திரும்புகிறவருக்கு இது உதவும், இங்கேயே தங்கிவிடுகிறவருக்குப் பயனில்லை. கிரீன் சேனலில் நுழைந்துவிட்டால் ‘தடை செய்த பொருள் எதுவும் இல்லை’ என்று சொன்னதாக அர்த்தம். அதற்குப் பிறகு 80 கிடையாது. துறைமுகத்தில் இறங்கும் கப்பல்காரர்களுக்கும் தங்கள் சொந்தப் பொருட்களைச் சொல்லும் க்ரூ எஃபெக்ட்ஸ் டிக்ளரேஷன் உண்டு. அதில் கேப்டன் கையெழுத்து மட்டும் போதாது, நீங்களும் போட வேண்டும்.

பர்மா பஜார்? 1969-இல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக ராஜாஜி சாலையில் வந்த கடைகள், கஸ்டம்ஸ் ஹவுஸுக்குக் கூப்பிடு தூரம்தான். அங்கே டிஸ்க் வாங்கினால் இறக்குமதி செய்தவர் நீங்கள் அல்ல. ரிஸ்க் பெரும்பாலும் விற்கிறவருக்கு. திருட்டு வீடியோக்காரர்களையும் குண்டர் சட்டத்தில் சேர்த்து 2004-லேயே தமிழ்நாடு திருத்தம் செய்துவிட்டது. விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். டிஸ்க் போட்டுப் பார்க்க பிளேயர் யாரிடம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

போனில் பார்ப்பதற்கு கஸ்டம்ஸும் இல்லை, பார்சலும் இல்லை. 2015, 2018, 2022 என்று பல தளங்களை அரசு முடக்கியிருக்கிறது. அந்த உத்தரவுகள் இணைய சேவை நிறுவனங்களுக்குப் போட்டவை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, 67ஏ தண்டிப்பது வெளியிடுகிறவரையும் அனுப்புகிறவரையும். வம்பு அந்த ‘அனுப்புகிறவர்’ என்ற சொல்லில்தான். டோரண்டில் இறக்கும்போதே உங்கள் கம்ப்யூட்டர் அதே ஃபைலை மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கிளிப்பைத் தள்ளிவிடுவதும் அனுப்புவதுதான். 67ஏ-வில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். அந்த வகையில் பெட்டியில் ஒரு டிஸ்க் கொண்டுவந்தவரைவிட, ஃபார்வர்டு செய்தவர் நிலைமைதான் மோசம்.

மேலே சொன்ன எந்தக் கணக்கும் 18 வயதுக்குக் கீழுள்ளவர்கள் இடம்பெறும் காட்சிக்குப் பொருந்தாது. அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி-யில் தேடுவதும் டவுன்லோடு செய்வதும்கூடக் குற்றம். போனில் வைத்திருப்பது போக்சோ 15-இல் எப்போது குற்றமாகும் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23-இல் விரிவாகச் சொன்ன வழக்கு, நம் அம்பத்தூரில் பதிவானதுதான். அப்படி ஒன்று குரூப்பில் தானாக வந்து விழுந்தால் உள்ளூர் போலீஸிலோ சைபர் கிரைம் போர்ட்டலிலோ தெரிவிக்க வேண்டும் என்று 2020 போக்சோ விதிகள் சொல்கின்றன. டெலிட் செய்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது.