காசு கொடுத்த பாட்டும் உருவி எடுத்த பாட்டும்: தோட்டப்புற டிஜேக்களுக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் கல்யாண விருந்து என்றால் எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு வேண்டும், இந்த மாதம் வந்த குத்து வேண்டும், உள்ளூர் ராப் வேண்டும், இளவட்டத்துக்கு ஆங்கிலம், பெரியவர்களுக்கு ஒரு ஜோகெட் (மலாய் ஆட்டப் பாட்டு). ஐந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 100 பாட்டு. இத்தனையும் ஒரே கடையில் கிடைக்காது. பலர் யூடியூப் பக்கம் ஓடி, வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் உருவி எடுப்பதற்கு இதுதான் காரணம். காசு இரண்டாம் பட்சம்.

யூடியூபில் ஓடும் ஒலி பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை கிலோபிட் தகவல் என்ற அளவு) ஏஏசி, அல்லது 160-ஐ ஒட்டிய ஓபஸ்; இரண்டும் எம்பி3 போலவே ஒலியைச் சுருக்கும் வகைகள். உருவித் தரும் தளம் '320 எம்பி3' என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது அதே சரக்குதான். ஏற்கெனவே சுருக்கியதை இன்னொரு தடவை சுருக்கி, பெரிய டப்பாவில் போட்டுக் கொடுக்கிறார்கள். இயர்போனில் வித்தியாசம் தெரியாது. மண்டபத்தில் 15 அங்குல ஸ்பீக்கரில் ஏற்றினால் தெரியும்: ஜால்ரா சத்தம் தண்ணீருக்குள் கேட்பதுபோல் சுழலும், உருமி அடியின் முனை மழுங்கும். யூடியூப் விதிமுறையும் இதற்கு இடம் தருவதில்லை. பிரீமியம் சந்தாவில் இறக்கும் பாட்டு அந்தச் செயலிக்குள்ளேயே பூட்டிக்கிடக்கும். பெரிய உருவல் தளமொன்று இசை நிறுவனங்கள் போட்ட வழக்கால் 2017-இல் மூடப்பட்டது. அந்த இடத்துக்குப் புதிது புதிதாக வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இலவச தமிழ் எம்பி3 தளங்கள் இதைவிட மோசம். பாட்டு தொடங்கும் முன் தளத்தின் பெயரை ஒரு குரல் சொல்லும். அது மணமக்கள் உள்ளே நுழையும் நேரத்தில் ஒலித்தால் டிஜேயின் மானம் போகும். பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இணைய முகவரி இருக்கும், தேடினால் சிக்காது. 'டவுன்லோட்' என்று நாலு பட்டன் இருந்தால் மூன்று விளம்பரம், சில நேரம் நிரல் கோப்பு. நண்பர் தரும் பென்டிரைவிலும் டெலிகிராம் குழுவிலும் ஓடுவது பெரும்பாலும் இதே சரக்குதான்.

கையில் இருக்கும் கோப்பைச் சோதிக்க ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருள் போதும். கோப்பை இழுத்துப் போட்டு, டிராக் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராமுக்கு (ஒலியின் அதிர்வெண்களைக் கீழிருந்து மேலாகக் காட்டும் படம்) மாற்றி, பல்லவி உச்சத்தில் இருக்கும் இடத்தைப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நேர்க்கோடு தெரிந்தால் அது 128-லிருந்து வந்தது. உண்மையான 320 ஏறத்தாழ 20 வரை போகும். எண்பதுகளின் பாட்டில் மேல்பகுதி மெல்ல மெல்ல மங்கினால் அது டேப்பின் இயல்பு, குறையல்ல. இன்னொரு சிக்கல்: ஓபஸிலிருந்து மாற்றியதும் 20 வரை காட்டும். ஆக, இந்தச் சோதனையில் தோற்றது நிச்சயம் கெட்டது; தேறியதெல்லாம் நல்லது என்று சொல்ல முடியாது.

தமிழ்த் திரைப்பாட்டுக்கு இன்றும் உருப்படியான வழி ஐடியூன்ஸ் ஸ்டோர்தான். 256 கேபிபிஎஸ் ஏஏசி. 2009 முதல் நகலெடுக்க விடாத பூட்டு கிடையாது. பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: ஆப்பிள் மியூசிக் சந்தாவில் நூலகத்தில் சேர்த்த பாட்டை வாங்கியதாக நினைத்துக்கொள்வார்கள். கோப்பின் விவரத்தைத் திறந்து, வகை 'பர்ச்சேஸ்டு ஏஏசி' என்றிருக்கிறதா பாருங்கள். 'ஆப்பிள் மியூசிக் ஏஏசி' என்றிருந்தால் அது பூட்டிய கோப்பு, பென்டிரைவில் வேலை செய்யாது. மேக்கில் கடையே கண்ணில் படாவிட்டால் அமைப்புகளில் பொது என்ற பகுதிக்குப் போய் அதைக் காட்டச் சொல்ல வேண்டும். வாங்கிய கோப்புக்குள் உங்கள் கணக்கின் பெயர் பதிந்திருக்கும். அடுத்தவருக்குக் கொடுக்குமுன் அதையும் நினைவில் வையுங்கள்.

நடன மின்னிசைக்கு பீட்போர்ட்: 320 எம்பி3, கூடுதல் காசுக்குச் சுருக்காத வேவ், ஏஐஎஃப்எஃப். ரெக்கார்ட் பூல் எனப்படும் மாதச் சந்தா தளங்களில் முன்னும் பின்னும் வெறும் தாளம் சேர்த்த பதிப்பும், கெட்ட வார்த்தை நீக்கிய பதிப்பும் கிடைக்கும். குழந்தைகள் இருக்கும் பிறந்தநாள் விழாவுக்கு இரண்டாவது அவசியம். ஆனால் தமிழ்ப் பாட்டை எதிர்பார்த்து பூலில் சேர்ந்தால் காசு வீண்.

உள்ளூர்க் கலைஞர்களின் பாட்டுக்கு பேண்ட்கேம்ப்பில் தேடலாம். அங்கே விற்பனையில் தளம் எடுப்பது பொதுவாக 15 விழுக்காடு. இல்லையென்றால் நேராகவே கேளுங்கள், மண்டபத்தில் தன் பாட்டு ஒலிப்பதை எந்தக் கலைஞரும் வேண்டாம் என்பதில்லை. வேவ் கோப்பை வாட்சாப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

டிஜே மென்பொருளோடு இணைக்கும் டைடல் போன்ற ஸ்ட்ரீமிங், ஒத்திகைக்கும் திடீர் விருப்பப் பாட்டுக்கும் சரி. செம்பனைக்கு நடுவே இருக்கும் தோட்ட மண்டபத்தில் லைன் போனால் அடுத்த பாட்டு ஏறாது. ஸ்ட்ரீமிங் பாட்டு ஓடும்போது நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் செராட்டோ என்ற டிஜே மென்பொருள் விடாது.

சட்டம்: மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987-இன் 41-ஆம் பிரிவுப்படி, சொந்த வீட்டு உபயோகத்துக்கு அல்லாமல் திருட்டுப் பிரதியை வைத்திருப்பதே குற்றம். முதல் தடவைக்கு ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கூலி வாங்கி வாசிப்பவர் 'என் சொந்த உபயோகம்' என்று சொல்வது கடினம். அதற்காக, காசு கொடுத்து வாங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் இல்லை. ஆப்பிளின் விதியே தனிப்பட்ட, வணிகமற்ற உபயோகம் என்றுதான் சொல்கிறது. பொது இடத்தில் ஒலிக்க இசையமைப்பாளர், பாடலாசிரியர் தரப்புக்கு எம்ஏசிபி, ஒலிப்பதிவு நிறுவனத் தரப்புக்கு பிபிஎம் என்று உரிமங்கள் தனி. வழக்கமாக அவற்றை மண்டபமோ ஏற்பாட்டாளரோதான் எடுக்க வேண்டும். முன்பணம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வாங்கியதைப் பென்டிரைவில் ஏற்றும்போதும் கவனம் வேண்டும். மலிவான யுஎஸ்பி மிக்சர் பலவற்றுக்கு எம்4ஏ (ஐடியூன்ஸில் வாங்கும் ஏஏசி கோப்பு) புரியாது. அதை எம்பி3 ஆக்கினால் இன்னொரு முறை தரம் இறங்கும். வேவ் ஆக மாற்றுங்கள், 4 நிமிடப் பாட்டு 42 எம்பி ஆகும், அவ்வளவுதான். பழைய சிடிஜேக்கள் (டிஜேக்களின் பிளேயர் கருவிகள்) எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவைப் படிக்காது, ஃபேட்32-தான். 32 ஜிபி பென்டிரைவில் 320 எம்பி3 சுமார் 3,000 பிடிக்கும். அதே மாதிரி இன்னொன்றும் சட்டைப்பையில் இருக்கட்டும்.