மோசடி மெயிலா? சைபர் கிரைம் போர்ட்டல் எதற்கு உதவும், எதற்கு உதவாது

மத்திய உள்துறையின் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில், கடன் தருகிறோம், துணி தள்ளுபடி என்று வரும் வெறும் விளம்பர மெயிலைப் புகார் செய்து பிரயோஜனமில்லை. அதற்கென்று இங்கே தனிச் சட்டமே கிடையாது; ஜிமெயிலின் ஸ்பேம் பொத்தானே போதும். 1909 என்ற புகார் எண்ணும் விளம்பர போன், எஸ்எம்எஸ் தொல்லைக்குத்தான். ஆனால் வருமான வரி ரீஃபண்ட், பேங்க் கேஒய்சி என்று வேஷம் போட்டு வரும் மெயில் வேறு கதை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பணம் போயிருந்தால் படிவத்தைத் தொடாதீர்கள், முதலில் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு போன் போடுங்கள். மோசடிக்காரன் பணத்தை வெளியே எடுக்கும் முன் சொன்னால்தான் பேங்க் நிறுத்தி வைக்க முடியும். இந்தச் சேவையில் உருப்படியான பகுதி இதுதான்.

படிவம்தான் படுத்துகிறது. மொபைல் ஓடிபி போட்டு உள்ளே போனால், நடந்ததை எழுதும் கட்டத்தில் குறைந்தது 200 எழுத்து வேண்டும். @, #, $ எதுவும் வரக்கூடாது. மெயில் முகவரியே எழுத முடியாத மெயில் புகார்! வந்ததை அப்படியே காப்பி செய்து ஒட்டினால் எர்ரர்தான். அனுப்பியவர் முகவரியைச் சந்தேக நபர் பகுதியில் கொடுங்கள். நடந்ததை எழுதும் கட்டத்தில் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள்.

மாவட்டம் கேட்கும் இடத்திலும் நம்மூர் திருநெல்வேலிக்காரர்கள் தவறுகிறார்கள். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை எல்லாம் திருநெல்வேலி மாநகரக் காவல். அம்பாசமுத்திரம், வள்ளியூர் மாவட்டக் காவல். சங்கரன்கோவில், கடையநல்லூர் 2019-லிருந்து தென்காசி மாவட்டம், பழைய பழக்கத்தில் திருநெல்வேலி என்று போடாதீர்கள்.

ஆதாரத்துக்கு வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. அனுப்பியவர் பெயர் 'இன்கம் டாக்ஸ்' என்று தெரியும். அதை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். உண்மை ஹெடரில், அதாவது மெயில் வந்த வழியைக் காட்டும் மறைவான தகவலில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் மூன்று புள்ளியில் 'ஷோ ஒரிஜினல்'. போன் ஆப்பில் இது கிடையாது, கம்ப்யூட்டர் இல்லையென்றால் பிரவுசிங் சென்டர் போகலாம். அங்கே வேலை முடிந்ததும் லாக்அவுட் செய்ய மறக்காதீர்கள். அனுப்பிய இடம் உண்மையா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் வரிகளில் 'ஃபெயில்' இருந்தால் போலி என்பதற்கு நல்ல தடயம். 'பாஸ்' என்றிருந்தால் நம்பிவிடவும் வேண்டாம். மோசடிக்காரன் சொந்த டொமைன் (இணையப் பெயர்) வாங்கி அனுப்பினாலும் பாஸ்தான் காட்டும். மெயில் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்று காட்டும் 'ரிசீவ்டு' வரிகளைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை பிடிஎஃப் ஆக்கிச் சேருங்கள்.

லிங்க் மட்டும் வந்து நஷ்டமில்லை என்றால் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு மெயில் போடுவதே சுருக்க வழி: இன்சிடென்ட் அட் செர்ட்-இன் டாட் ஓஆர்ஜி டாட் இன். ஃபார்வர்டு செய்தால் பழைய ஹெடர் போய்விடும். அதே 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தில் 'டவுன்லோட் ஒரிஜினல்' கொடுத்து இறக்கிய ஃபைலை அட்டாச் செய்யுங்கள்.

போர்ட்டலில் பதிந்ததாலேயே எஃப்ஐஆர் ஆகிவிடாது. ஒப்புகை எண்ணைக் குறித்து வையுங்கள், ஸ்டேஷனில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.