பல்கலைக்கழகம் பெயரைப் பார்த்து சிக்ஸ் சிக்மா கோர்ஸுக்குப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு

ஓசூரில் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் எட்டு வருடமாக குவாலிட்டியில் வேலை பார்க்கிறேன். படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல். சிக்ஸ் சிக்மா என்பது தயாரிப்பில் வரும் குறைகளை டேட்டாவை வைத்துக் குறைக்கும் முறை, அதில் ஒரு உயர்நிலைத் தகுதிதான் பிளாக் பெல்ட். அது இருந்தால் இன்ஸ்பெக்‌ஷனை விட்டு மேலே போகலாம் என்று நினைத்து, போன வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்த ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்தேன். விளம்பரத்தில் பல்கலைக்கழக முத்திரை பெரிதாக இருந்தது, கீழே ஓரத்தில் ஒரு பயிற்சி கம்பெனியின் பெயர் சின்னதாக இருந்தது. உண்மையில் கோர்ஸை நடத்துவது அந்த கம்பெனிதான் என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஃபீஸ் 78,000 ரூபாய், அதன் மேல் 18% ஜி.எஸ்.டி., மொத்தம் 92,040. "சார், இன்னைக்கு ராத்திரியோட ஆஃபர் முடியுது, மாசம் 7,670 கட்டினா போதும், வட்டியே கிடையாது" என்று ஒரு பெண் மூன்று முறை போன் செய்தார். நான் தவணை என்றால் கோர்ஸ் ஃபீஸைப் பிரித்துக் கட்டுவது என்றுதான் நினைத்தேன். ஆனால் அது என் பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த கடன். பயிற்சி கம்பெனிக்கு மொத்தப் பணமும் முதலிலேயே போய்விடுகிறது, வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் பன்னிரண்டு மாதம் என் அக்கவுண்டில் பிடிப்பார்கள், நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடிபடும்.

சரி, பாடமாவது நன்றாக இருந்ததா? வார இறுதியில் நேரடி வகுப்பு என்றார்கள், பாதிக்கு மேல் பழைய ரெக்கார்டிங். மினிடேப் என்ற புள்ளியியல் சாஃப்ட்வேரைத் தருவதாகச் சொல்லிவிட்டு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் 30 நாள் இலவச டிரையலுக்கு லிங்க் அனுப்பினார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது கன்ட்ரோல் சார்ட் வகுப்பு. மெஷினில் வரும் அளவு நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடம் அது. 25 எச்7 போர், அதாவது 25 மி.மீ. துளை என்று வைத்துக்கொள்ளுங்கள், டிராயிங் அனுமதிக்கும் அளவு (டாலரன்ஸ்) 25.000 முதல் 25.021 வரை. அந்தப் பயிற்சியாளர் இந்த இரண்டு எண்களையே எக்ஸ்-பார் சார்ட்டில் (சராசரிகளைக் குறிக்கும் கன்ட்ரோல் சார்ட்) மேல் கோடாகவும் கீழ்க் கோடாகவும் போட்டு, உள்ளே இருந்தால் புராசஸ் கன்ட்ரோலில் இருக்கிறது என்று நாற்பது பேருக்குச் சொல்லிக் கொடுத்தார். இது அடிப்படையிலேயே தப்பு. கன்ட்ரோல் லிமிட் டிராயிங்கிலிருந்து வருவதில்லை, அந்த மெஷினில் அளந்த டேட்டாவிலிருந்து வருவது. ஐந்து ஐந்து பீஸாக எடுத்து, சராசரிகளின் சராசரியிலிருந்து, ரேஞ்சின் (ஒவ்வொரு ஐந்திலும் பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம்) சராசரியை 0.577-ஆல் பெருக்கி மேலும் கீழும் போட வேண்டும். டாலரன்ஸைக் கோடாகப் போட்டால், துளையைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் ஹோனிங் ஸ்டோன் தேய்ந்து சைஸ் மெல்ல நகர்வது உங்கள் கண்ணில் படவே படாது, படும்போது கழிவுப் பெட்டியில் ரிஜெக்‌ஷன் விழுந்திருக்கும். தொழிற்சாலைக்குள் மெஷின் பக்கத்தில் இருக்கிறவனுக்கு இது மாதாமாதம் பார்க்கிற விஷயம். சாட்டில் கேட்டேன். "டவுட் செஷனில் பார்க்கலாம்" என்றார். அப்படி ஒரு செஷன் கடைசி வரை நடக்கவில்லை. என்னோடு படித்தவர்களில் கல்லூரி முடித்தவுடனே சேர்ந்த பிள்ளைகள் நிறைய, அவர்கள் இதையே சரி என்று நம்பி வேலைக்குப் போவார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

அளக்கும் கருவியையும் அளப்பவரையும் எவ்வளவு நம்பலாம் என்று பார்க்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் சோதனைக்கு ஒரே ஒரு ஸ்லைடு. பத்து பீஸை மூன்று பேர் இரண்டு மூன்று தடவை அளந்து, மொத்த வித்தியாசத்தில் அளவீட்டின் பங்கு 30 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த அளவீட்டையே நம்பக்கூடாது என்பதைக்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் பிராஜெக்ட். ஹோனிங்கில் மூன்று மாத ரிஜெக்‌ஷன் டேட்டா சேர்த்து வைத்திருந்தேன், வழிகாட்டி ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். யாரும் பார்க்கவில்லை. பீட்சா டெலிவரி நேரம் என்று ஒரு எக்செல் ஃபைலை எல்லோருக்கும் கொடுத்து அதையே செய்யச் சொன்னார்கள். சனிக்கிழமை ராத்திரி அனுப்பினேன், பத்து நிமிடத்தில் 'மிக நன்று' என்று மார்க் வந்தது. சர்டிஃபிகேட்டைத் திறந்தால் 'பங்கேற்றார்' என்று இருக்கிறது, பதிவாளர் கையெழுத்து இல்லை. பல்கலைக்கழகத்துக்கு போன் போட்டால், வகுப்பும் ஃபீஸும் எங்கள் பொறுப்பில்லை, கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு இன்டர்வியூவுக்குப் போனபோது அவர்கள் சர்டிஃபிகேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்ன பிராஜெக்ட், எவ்வளவு மிச்சம் பிடித்தீர்கள், அந்த மிச்சத்தை உறுதிசெய்து உங்கள் கம்பெனி ஃபைனான்ஸ் பிரிவில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

சிக்ஸ் சிக்மா 1986-ல் மோட்டோரோலாவுக்குள் பிறந்த முறை. பெல்ட் கொடுக்க இவருக்குத்தான் உரிமை என்று உலகத்தில் எந்த ஒரு அமைப்பும் கிடையாது, அதனால் யார் வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கலாம். இது எனக்குத் தெரியாமல் போனது. ஏ.எஸ்.க்யூ. என்ற அமெரிக்கத் தரவியல் சங்கத்தில் பிளாக் பெல்ட் தேர்வு எழுத, முடித்த பிராஜெக்ட் இரண்டு வேண்டும், இல்லையென்றால் ஒரு பிராஜெக்டும் மூன்று வருட அனுபவமும் வேண்டும், அதற்கு உறுதிமொழிக் கடிதமும் கேட்பார்கள். புள்ளியியலாளர் மகாலனோபிஸ் 1931-ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு தரக் கட்டுப்பாட்டுக்கென்றே சென்னையிலும் கோவையிலும் பிரிவுகள் இருக்கின்றன. முதலில் அங்கே விசாரித்திருக்க வேண்டும்.

உங்களுக்கும் போன் வந்தால், சர்டிஃபிகேட் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். யார் கையெழுத்து, உங்கள் கம்பெனி டேட்டாவில் பிராஜெக்ட் செய்யலாமா, அதை எத்தனை முறை யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். தவணை என்றால் கடன் கொடுப்பது யார் என்று கேட்டுவிட்டு ஓ.டி.பி. சொல்லுங்கள்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். ரெக்கார்டிங் பார்த்துவிட்டீர்கள், பணம் திரும்பாது என்று கம்பெனி பதில் அனுப்பியது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரை அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். விளம்பர ஸ்க்ரீன்ஷாட், சாட், ரசீது எல்லாம் வைத்திருக்கிறேன். பலர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது, அதனால் பீட்சா ஃபைலில் பிராஜெக்ட் செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள்.