எபோலாப் பகுதிக்குப் போகும் படையினருக்கு எந்த மலேரியா மாத்திரை?

எபோலா என்றதும் எல்லோரும் கவச உடையைப் பற்றித்தான் பேசுவார்கள். 2014இல் லைபீரியாவுக்கு அமெரிக்கா அனுப்பிய படையினரின் முக்கிய வேலையோ, சிகிச்சை மையம் கட்டுவதும் ஆய்வகம் நடத்துவதும்தான். நோயாளிகளைக் கவனிப்பது அவர்கள் வேலையில்லை. ஆனால் கொசுவிடமிருந்து தப்ப முடியாது. அதே லைபீரியாவில் 2003இல் கரையிறங்கிய 225 அமெரிக்கப் படையினரில் 80 பேருக்கு மலேரியா வந்தது. மருந்து கையில் இருந்தது, ஒழுங்காக விழுங்கியவர்கள்தான் குறைவு.

நான் சிப்பாய் இல்லை. 2019இல் எபோலா காங்கோவின் கோமா நகரம் வரை வந்தபோது அங்கே ஐ.நா. முகாமில் தளவாட வேலை பார்த்தவன். முதலில் டாக்ஸிசைக்ளின், சுருக்கமாக டாக்ஸி; பிறகு அட்டோவாகோன்-புரோகுவானில், அதாவது மாலரோன். இரண்டையும் விழுங்கிப் பார்த்த பிறகு என் ஓட்டு மாலரோனுக்கே.

மூன்றாவது மலேரியா மாத்திரையான மெஃப்ளோகுயினை நான் தொட்டதில்லை. வாரம் ஒரு மாத்திரை என்பது வசதிதான். ஆனால் கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும், அவசர உத்தரவில் கிளம்புகிறவனுக்கு அந்த அவகாசம் ஏது? தலைசுற்றல், பதற்றம், கெட்ட கனவு என்று புகார்கள் வேறு. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடும் எச்சரிக்கை சேர்த்தது. துப்பாக்கி ஏந்துகிறவருக்கு அது வேண்டாம்.

டாக்ஸி விலை மலிவு, எலிக்காய்ச்சலுக்கும் ஓரளவு தடுப்பு. வெயிலில் நின்றால் தோல் எரியும். தண்ணீர் குறைவாகக் குடித்துவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவைதான்.

என்னை மாற வைத்தது திரும்பி வந்த பிறகான கணக்கு. டாக்ஸியும் மெஃப்ளோகுயினும் ஒட்டுண்ணியை இரத்தத்தில்தான் கொல்லும். ஈரலில் இருப்பது மெல்ல வெளிவரும் என்பதால், ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். மாலரோன் ஈரலிலேயே ஃபால்சிபாரம் என்ற கொடிய மலேரியா ஒட்டுண்ணியை அடித்துவிடுவதால் ஏழு நாள் போதும். எபோலாக் கண்காணிப்பு 21 நாள். லைபீரியாவிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரை அத்தனை நாளும் தனியே வைத்திருந்தார்கள். மாலரோனின் ஏழு நாளும் அந்தக் கண்காணிப்புக்குள்ளேயே முடிந்துவிடும், மருத்துவ உதவியாளர் பார்க்கப் பார்க்க விழுங்கலாம். டாக்ஸியின் கடைசி வாரமோ வீட்டில், பிள்ளைகள், விருந்து, தூக்கம் என்று எல்லாம் மறக்கும் நேரத்தில் வரும்.

மாத்திரையைத் தவறவிட்டு அந்த 21 நாளுக்குள் மலேரியாக் காய்ச்சல் வந்தால் பாடு பெரிது. காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, வாந்தி எல்லாமே தொடக்கத்தில் எபோலாவுக்கும் பொது. எனவே முதலில் தனிமை அறைதான். அறிகுறி தொடங்கி மூன்று நாள் ஆகவில்லை என்றால், எபோலா இல்லை என்று வந்த பரிசோதனையையும் திரும்பச் செய்ய வேண்டும். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதுவரை நிம்மதி இருக்காது.

விலைதான் இடிக்கும். டாக்ஸியைவிட மாலரோன் பல மடங்கு. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வாங்கும் அரசுக்கு அது சின்னக் கணக்கில்லை, எனக்கும் முதல் மாதம் உறுத்தியது. மாலரோனும் தினம் ஒன்று, அதுவும் சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கு மாலரோன் கூடாது, அவர்களுக்கு டாக்ஸியே.