கிற்றார் பைண்டிங் ஒட்டக் கட்டுவதற்கு எந்த ரப்பர் நல்லது? திருமலையில் கிடைப்பவை பற்றி

நேராகவே சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் இருந்துகொண்டு கிற்றார் செய்கிறவர்கள் பைண்டிங் ஒட்டுவதற்கு வெளிநாட்டுப் பட்டி எதையும் வரவழைக்கத் தேவையில்லை, சைக்கிள் திருத்தும் கடையில் இனி ஒட்டுப்போட முடியாது என்று கழித்துப்போட்ட பழைய ரியூப் போதும். ஆனால் எல்லா ரியூபும் சரிவராது, ரியூப் எல்லா வேலைக்கும் சரிவராது. ரப்பர் பாண்ட், தையல் இலாஸ்டிக், மருந்துக்கடை லேட்டெக்ஸ் குழாய், உடற்பயிற்சிப் பட்டி, ரியூப் என்று கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பைண்டிங் என்பது மேற்பலகையும் பக்கப்பலகையும் சந்திக்கும் விளிம்பில் வெட்டிய சிறு படிக்குள் உட்காரும் மெல்லிய கீற்று. மரத்திலும் வரும், பிளாஸ்டிக்கிலும் வரும். அதை உள்நோக்கியும் அழுத்த வேண்டும், கீழ்நோக்கியும் அழுத்த வேண்டும். கிளாம்ப் ஒரு திசையில்தான் அழுத்தும். விளிம்புக்கு மேலால் மடிந்து இறங்குகிற பட்டி இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடும். இரண்டு கிலோ இழுவையோடு ஒரு பட்டி செங்கோண விளிம்பில் மடிந்தால் அந்த மூலையை 45 பாகையில் கிட்டத்தட்ட 2.8 கிலோ விசை உள்ளே தள்ளும், பைண்டிங்குக்கு வேண்டியதும் அந்தத் திசைதான். அதே பட்டியை உடலின் பக்கவாட்டைச் சுற்றிக் கட்டினால் 18 சென்ரிமீற்றர் ஆரையுள்ள கீழ் வளைவில் சென்ரிமீற்றருக்கு நூற்றுச் சொச்சம் கிராம்தான் கிடைக்கும். இடுப்பில் ஒன்றும் கிடைக்காது, அங்கே வளைவு உட்பக்கமாக இருப்பதால் பட்டி மரத்தைத் தொடாமல் நேரே போய்விடும். ஆகவே மேலிருந்து பின்பலகைக்கு, அங்கிருந்து திரும்ப மேலே என்று குறுக்காகவும், கீழ் முனைக்கு நீளவாக்கிலும், தோளுக்குச் சாய்வாகவும் சுற்ற வேண்டும். சுற்று எண்ணிக்கைதான் முக்கியம். இறுக்கமான பட்டியால் நாலு சுற்றுச் சுற்றுவதைவிட மென்மையான, அகலமான பட்டியால் முப்பது சுற்றுச் சுற்றுவது எப்போதும் நல்லது, ஏனென்றால் இரண்டு சுற்றுக்கு இடையில் பைண்டிங் எழும்பி நின்றால் அந்த இடைவெளி பொலிஷ் போட்ட பிறகும் கண்ணில் குத்தும்.

சரி, பொருட்களுக்கு வருவோம்.

புத்தகக்கடை ரப்பர் பாண்ட் இந்த வேலைக்கு வேண்டாம். அது வளையமாக இருப்பதால் கிற்றார் உடலுக்குப் போடப் பத்துப் பதினைந்தைக் கோத்துச் சங்கிலியாக்க வேண்டும், முடிச்சு வரும் இடமெல்லாம் மேற்பலகைக்குப் போடும் ஸ்புரூஸ் மரத்தில் பள்ளம் விழும். ஸ்புரூஸ் எவ்வளவு மென்மையான மரம் என்று தெரியாதவர்கள் ஒரு துண்டை நகத்தால் அழுத்திப் பார்த்தால் போதும். ஆனால் ரப்பர் பாண்டைத் தூக்கி எறியவும் வேண்டாம். பக்கப்பலகையின் உள்விளிம்பில் லைனிங் என்ற மரக் கீற்றை ஒட்டும்போது மரத் துணிக் கிளிப்புகளின் வாயைச் சுற்றி ஒவ்வொரு பாண்ட் போட்டுவிட்டால் கிளிப்பின் பிடி நன்றாகக் கூடும். அந்த வேலைக்கு அதைவிட மலிவான வழியை நான் காணவில்லை.

தையல் இலாஸ்டிக் மத்திய வீதித் துணிக்கடைகளில் எந்த அகலத்திலும் மீற்றர் கணக்கில் வாங்கலாம். தட்டையானது, கறை பிடிக்காது, கையில் எடுத்தால் இதுதான் சரி என்றே தோன்றும். அதன் குறை நூலில் இருக்கிறது. ரப்பர் இழையைச் சுற்றிப் பருத்தியோ பொலியெஸ்டரோ பின்னியிருப்பதால் பிதுங்கி வரும் பசையை அது குடித்துவிடும், காய்ந்த பிறகு இழுத்தால் நூல் துணுக்குகள் பைண்டிங்கோடு நிற்கும். அத்தோடு ஓரளவு இழுத்ததும் நூல் பின்னல் தடுத்துவிடும், அதற்கு மேல் அது வெறும் நாடாதான். முழுநீளத்துக்கும் மெழுகுத்தாள் வைத்துக் கட்டுகிற பொறுமை உள்ளவர்களுக்குச் சரிவரலாம். எனக்குப் பிடிக்கவில்லை.

மருந்துக்கடை லேட்டெக்ஸ் குழாய் இழுவையில் அருமை, இழுத்த அளவுக்கு நின்று இழுக்கும். ஆனால் உருண்டையாக இருப்பதால் விளிம்பில் கோடாக அழுத்துகிறது, உருளவும் செய்கிறது. இது கழுத்து வேலைக்கு, உடைந்த தலைப்பகுதியைத் திரும்ப ஒட்டும்போது சுற்றிப் பிடிக்க நல்லது.

உடற்பயிற்சிப் பட்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரியூபுக்கு ஈடாக நிற்கிறது அது ஒன்றுதான். தெராபாண்ட் என்ற கம்பனிப் பட்டியில் நிறம்தான் வலிமை: இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் மஞ்சள் 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6. இவ்வளவு தெளிவாக இழுவை தெரிந்த வேறு பட்டி நமக்குக் கிடைக்காது. முழு அகலத்தில் வைக்காமல் நீளவாக்கில் இரண்டு மூன்று கீற்றாக வெட்டினால் மஞ்சளும் சிவப்பும் மேற்பலகை விளிம்புக்கு மிகப் பொருத்தம். மெல்லியது, மென்மையானது, கறுப்புக் கறை கிடையாது, காய்ந்த பசை தோலாக உரிந்து வரும். வெட்டும் ஓரம் மட்டும் நேராக இருக்க வேண்டும், சிறு கீறல் இருந்தாலும் அங்கிருந்தே கிழியும். விலை ரியூபைவிடக் கூட, ஆயுள் குறைவு. இணையத்தில் வாங்கிய பெயரில்லாத பட்டி ஒன்று கச்சான் காற்றுக் காலம் முடிவதற்குள்ளேயே பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிப்போனது. இயற்கை லேட்டெக்ஸுக்கு வெயிலும் சூடும் எண்ணெயும் ஆகாது. நம் ஊர் யூன், யூலை வெக்கையில் தகரக் கூரைக்குக் கீழே தொங்கவிட்டால் எந்தப் பட்டியும் நிலைக்காது. பவுடர் தூவி மூடிய டின்னில் வைக்கவும்.

இனி ரியூப். 1876இல் ஹெனரத்கொடையில் ரப்பர் கன்று நட்ட நாடு இது, என்றாலும் இன்றைய சைக்கிள் ரியூப் பெரும்பாலும் மரப்பாலில் செய்ததல்ல, பெற்றோலியத்திலிருந்து வரும் பியூட்டைல். அமெரிக்காவில் 1937இல் உருவாக்கிய இரப்பர் அது. காற்றைக் கசிய விடாது என்பதால் ரியூபுக்கு எடுத்தார்கள், நமக்கு வேண்டியது அதன் இன்னொரு குணம்: சூட்டிலும் வெளிக்காற்றிலும் மெதுவாகவே பழுதாகும். இழுத்து விட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். சட்டென்று அடித்துத் திரும்பினால் இயற்கை ரப்பர், சோம்பலாகத் திரும்பினால் பியூட்டைல். இழுத்து வைத்தால் பியூட்டைலின் இழுவை நேரத்தோடு கொஞ்சம் தளரும், ஆனால் டைட்பொண்ட் போன்ற மஞ்சள் மரப்பசைக்கு அரை மணித்தியாலப் பிடிதான் முக்கியம், அதற்குள் பெரிதாக ஒன்றும் ஆகாது. நான் எப்படியும் மறுநாள் காலைதான் அவிழ்ப்பேன்.

எடுத்தால் மவுண்டன் பைக் ரியூப் எடுங்கள். பழைய பெரிய சைக்கிளின் 28 அங்குல ரியூப் ஒடுக்கம், மோட்டார் சைக்கிள் ரியூப் தடிப்புக் கூடியது, கெற்றப்போலுக்குச் சரி, ஸ்புரூஸுக்குச் சரியில்லை. உப்புவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் சைக்கிள்கள் 26 அங்குல அகல ரியூபில்தான் பெரும்பாலும் ஓடுகின்றன, அதனால் அந்த வீதியில் திருத்தும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஒரு கடைக்காரரிடம் "அண்ணை, கழிச்ச ரியூப் இருக்கா?" என்றேன், "எத்தனை வேணும் தம்பி, அள்ளிக்கொண்டு போ" என்றார். காசு வாங்கவில்லை. வால்வுப் பகுதியையும் ஒட்டுப்போட்ட இடங்களையும் வெட்டி நீக்குங்கள். மிச்சத்தைச் சவர்க்காரம் போட்டு உள்ளும் புறமும் கழுவிக் காயவைத்து, கத்தரிக்கோலால் இரண்டு விரல் அகலத்தில் சுருளாக வெட்டிக்கொண்டே போனால் ஒரே ரியூபிலிருந்து பல மீற்றர் நீளமான பட்டி வரும். நீளமாகவே எடுங்கள், அதைச் சுருட்டிக் கையில் பந்தாக வைத்துக்கொண்டு சுற்றலாம். கச்சான் அடிக்கிற மத்தியானத்தில் பசை மேலே ஆடை படிவதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும், அந்த நேரத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்க முடியாது. முடிந்தால் விடியற்காலையில் ஒட்டுங்கள்.

சுற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. ரப்பர்ப் பட்டி மரத்தின் மேல் வழுக்காது, ஆகவே ஒரு பக்கம் இழுத்த இழுவை மூலை தாண்டி மற்றப் பக்கத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. ஒவ்வொரு விளிம்புக்கும் வரும்போது தனித்தனியாக இழுத்து மடிக்க வேண்டும். முதலில் பைண்டிங்கை மாஸ்கிங் டேப்பால் இடத்தில் நிறுத்திவிட்டு அதற்கு மேல் சுற்றுவது வசதி, ரியூபின் கறுப்புக் கறை, வெள்ளை ஸ்புரூஸில் இழுபடாமலும் இருக்கும். ரோஸ்வூட், தேக்கு போன்ற கடும் நிறப் பின்பலகைக்கு அந்தக் கவலை இல்லை.

எந்த ரப்பரையும் நம்பிக் கழுத்தில் பிரெட்போட் என்ற விரற்பலகையை ஒட்டாதீர்கள். மென்மரத்துக்கே சதுர அங்குலத்துக்கு 100 முதல் 150 இறாத்தல் அழுத்தம் வேண்டும் என்கிறது டைட்பொண்ட், கடின மரத்துக்கு அதைவிடக் கூட. அவ்வளவு பெரிய பரப்புக்கு அது ரப்பரால் ஆகாத காரியம், நேரான கட்டை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். அதேபோல் நைட்ரோ லாக்கர் என்ற மினுக்குப் பூச்சுப் பூசி முடித்த கிற்றாரில் திருத்த வேலைக்கு ரப்பரை நேரடியாகச் சுற்ற வேண்டாம், சில இரப்பர்கள் லாக்கரோடு சேர்ந்து அதை இளக்கிவிடும். இடையில் சுத்தமான பருத்தித் துணி போட்டு, பசை பிடித்த உடனேயே அவிழ்த்துவிடுங்கள்.