ரூம் வாரியாக டிராயிங் எடுக்க ஆட்டோகேட் லேஅவுட்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

டைல்ஸ் ஒட்டுகிறவருக்கு முழு வீட்டு பிளான் எதற்கு? பாத்ரூம் ஏழடிக்கு நாலரையடி என்றால், அதன் தரையும் நாலு சுவரும் ஒரே ஏ3 தாளில் இருந்தால் போதும். கிச்சன் கப்போர்டு ஆசாரிக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அப்படித்தான். டிராயிங் மென்பொருளான ஆட்டோகேடில் இதற்கென்றே லேஅவுட்டும் (பிரிண்ட் போகும் தாள்) வியூபோர்ட்டும் (அந்தத் தாளில் பிளானைக் காட்டும் சட்டம்) இருக்கின்றன. விலை குறைந்த பதிப்பான எல்டி-யிலும் இவை உண்டு என்பதால் இந்த வேலைக்காக முழு ஆட்டோகேட் வாங்க வேண்டியதில்லை. 2024 எல்டி-யிலிருந்து, வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் நிரல்மொழியான ஆட்டோலிஸ்ப்பும் ஓடுகிறது.

பலரும் செய்வது வேறு. பிளானை காப்பி எடுத்து, ரூமைச் சுற்றி டிரிம் அடித்து, பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். ஆறு ரூமுக்கு ஆறு காப்பி. சைட்டில் ஜன்னல் ஒன்பது இன்ச் தள்ளிப்போனால் பிளானில் மட்டும் மாறும். எலக்ட்ரிகல் தாளில் சுவிட்ச் போர்டு புது ஜன்னல் திறப்பிலேயே போய் உட்கார்ந்திருக்கும். வியூபோர்ட்டில் பிளான் ஒன்றுதான். அங்கே சுவரை நகர்த்தினால் எல்லாத் தாளிலும் நகர்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பழகிக்கொள்ளலாம்.

முதல் அடி விழுவது யூனிட்டில். நம் பக்கம் பிளானை அடி-இன்ச்சில் போடுகிறோம். பிளான் வரையும் இடமான மாடலில் ஒரு யூனிட் ஒரு இன்ச். ஏ3 தாளுக்குப் பேஜ் செட்டப் திறந்தால் மில்லிமீட்டர் நிற்கும். அதைக் கவனிக்காமல் எம்வியூ கமாண்டால் வியூபோர்ட் போட்டு, உள்ளே ஜூம் 1/32எக்ஸ்பி (தாளோடு ஒப்பிட்ட ஸ்கேல்) கொடுத்தால் பன்னிரண்டடி பெட்ரூம் தாளில் நாலரை மில்லிமீட்டருக்குக் கடுகு போல வரும். பேஜ் செட்டப்பில் இன்ச்சஸ் மாற்றி, 1 இன்ச் = 1 யூனிட் என்று வைத்த பிறகு அதே 1/32எக்ஸ்பி சரியாக நாலரை இன்ச் காட்டும். மில்லிமீட்டர் தாள்தான் வேண்டுமென்றால் 25.4/32, அதாவது 0.79375எக்ஸ்பி.

ஏன் 1/32? 12க்கு 10 ரூமை ஒன்பது இன்ச் சுவரோடு சேர்த்தால் பதின்மூன்றரைக்குப் பதினொன்றரை அடி. முக்கால் இன்ச்சில் பாதியான 3/8 இன்ச்சை, அதாவது 12 இன்ச்சில் 32-ல் ஒரு பங்கை, ஓரடியாக வைத்தால் பிளான் 5.06க்கு 4.31 இன்ச் வரும். பத்தடி உயரச் சுவர்கள் நாலும் அதே தாளில் இரண்டு வரிசையாக உட்காரும், டைட்டில் பிளாக்குக்கும் இடம் மிஞ்சும். அரை இன்ச் ஸ்கேல் பார்க்க அழகுதான், ஆனால் நாலு எலிவேஷனும் (சுவரின் நேர்முகப் படம்) ஏ3-யில் அடங்காது. பாத்ரூமுக்கு மட்டும் அந்த அரை இன்ச் ஸ்கேல், அதாவது 1/24, தாராளம். சுவர் எலிவேஷன்களைத் தனியாக வரைந்துதான் ஆக வேண்டும். பிளானிலிருந்து அது தானாக முளைக்காது.

ஸ்கேல் வைத்த கையோடு வியூபோர்ட்டை லாக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் சக்கரம் ஒரு சுற்று சுற்றினாலே ஸ்கேல் போச்சு. எல் வடிவ ஹாலுக்கு பாலிலைன் போட்டு, விபிகிளிப் கமாண்டால் வியூபோர்ட்டை அந்த வடிவுக்கு வெட்டுங்கள். வியூபோர்ட் பார்டரைப் பிரிண்ட் ஆகாத தனி லேயரில் வையுங்கள்.

எலக்ட்ரிகல் தாளில் டைல்ஸ் ஹேட்ச் (கட்டக் கோடுகள்) தெரியக்கூடாது என்றால் லேயர் மேனேஜரில் விபி ஃப்ரீஸ் என்ற நெடுவரிசையில் அழுத்த வேண்டும். பக்கத்தில் இருக்கும் வெறும் ஃப்ரீஸை அழுத்தினால் எல்லாத் தாளிலும் ஹேட்ச் காணாமல் போகும். பின்னால் ஒரு புது லேயர் சேர்த்தால் அது கேட்காமலே பழைய தாள்கள் எல்லாவற்றிலும் தலைகாட்டும் என்பது இன்னொரு தொல்லை. விபிலேயர் கமாண்டில் நியூஃப்ரீஸ் மூலம் லேயரை உருவாக்கினால் எல்லா வியூபோர்ட்டிலும் உறைந்தே பிறக்கும். வேண்டிய இடத்தில் மட்டும் திறந்துகொள்ளலாம்.

ஸ்கேலுக்கு ஏற்ப எழுத்தளவு மாறும் அனோட்டேட்டிவ் டைமென்ஷன் நல்ல வசதி, ஆனால் அரைகுறையாகத் தெரிந்தால் தலைவலி. ஒரு டைமென்ஷனில் அந்த வியூபோர்ட்டின் ஸ்கேல் சேர்க்கப்படவில்லை என்றால் அது அங்கே தெரியாது. அழிந்துவிட்டது என்று நினைத்து மறுபடி போடுவார்கள், இரண்டு டைமென்ஷன் ஒன்றன்மேல் ஒன்று விழும். அனோஆல்விசிபிள் 1 வைத்துப் பார்த்தால் ஒளிந்திருப்பது தெரியும்.

ஏற்காட்டுச் சரிவு மனைகளில் வீட்டின் ஒரு சிறகு கொஞ்சம் திரும்பியே நிற்கும். அந்த ரூமைத் தாளில் நேராக்க பிளானைச் சுழற்ற வேண்டாம். வியூபோர்ட்டுக்குள் போய் யூசிஎஸ் என்ற எக்ஸ்-ஒய் அச்சைச் சுவரோடு பொருத்தி, பிளான் கமாண்ட் கொடுத்தால் ரூம் நிமிர்ந்துவிடும். பிளான் கமாண்ட் ஜூமையும் மாற்றிவிடும் என்பதால் ஸ்கேலை அதற்குப் பிறகுதான் வைக்க வேண்டும். சாய்ந்து தெரியும் எழுத்துக்கு அனோட்டேட்டிவ் ஸ்டைலில் லேஅவுட் திசையோடு பொருத்தும் டிக் இருக்கிறது. சரிவில் கீழ்த்தள ரூம் மேல்தள ரூமுக்கு நேர் அடியிலேயே வரும். தளங்களை நூறடி தள்ளித் தள்ளி வரையாவிட்டால் ஒரே வியூபோர்ட்டில் இரண்டும் குழம்பும்.

டைல்ஸ் தாளுக்கு ஒரு சொல். கடையில் 'ரெண்டுக்கு ரெண்டு' என்று விற்பது 600 மில்லிமீட்டர், 24 இன்ச் இல்லை. பதினைந்தடி ஹாலில் 24 இன்ச் கட்டம் போட்டால் கடைசித் துண்டு 12 இன்ச் என்று காட்டும். நிஜத்தில் இடைவெளியே விடாமல் ஒட்டினாலும் 372 மில்லிமீட்டர், பதினாலரை இன்ச்சுக்குச் சற்று மேல். ஹேட்சை 23.62 இன்ச்சில் வைத்து, அதன் ஆரிஜினை வாசல்படியில் தொடங்குங்கள்.

குறை என்றால் சந்தாதான். ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் லைசென்ஸ் இப்போது இல்லை. அது வேண்டுமென்றால் பிரிக்ஸ்கேட் பக்கம் போகலாம், வியூபோர்ட் வேலை ஏறக்குறைய இப்படியேதான். இலவசமான லிப்ரேகேட் 2-இல் வியூபோர்ட் இல்லாததால் இந்த வேலைக்கு ஆகாது.

முடிந்ததும் பப்ளிஷ் கொடுத்தால் எல்லா ரூமும் ஒரே பிடிஎஃப். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போடும்போது 'ஃபிட்' டிக் இருந்தால் தாள் சத்தமில்லாமல் சுருங்கிவிடும். ஒவ்வொரு லேஅவுட்டிலும் ஓரத்தில் சரியாக 4 இன்ச் கோடு ஒன்று போட்டுவையுங்கள். அடிஸ்கேலை வைத்துப் பார்த்து 4 இன்ச் இல்லையென்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்து 'ஆக்சுவல் சைஸ்' கேளுங்கள்.